விளக்கில்லாத வண்டியும் கண்ணைப் பறிக்கும் காரும்

ஒக்ரோபர் மாதத்துக் கடைசி ஞாயிறன்று ஐரோப்பா தனது கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் பின்னோக்கித் திருப்பிவைக்கின்றது. மறுநாள் மாலை ஐந்து மணியளவிலேயே ஊர் இருண்டுவிடுகின்றது. முதல்நாள் வரை அந்தி வெளிச்சத்தில் வேலைக்குப் புறப்பட்டவர்கள் இனி இருளில் புறப்பட வேண்டும். உணவகங்களின் மாலைவேலைக்குச் செல்வோர், நள்ளிரவுக்குப் பின்னர் சமையற்கட்டைக் கழுவிவிட்டுத் திரும்புவோர், விடியுமுன் பத்திரிகை விநியோகிப்போர் என்று எம்மவரிற் பெருந்தொகையானோர் வீதியைப் பயன்படுத்தும் நேரம் இருள் சூழ்ந்த நேரமே. ஆதலால் வீதி விளக்குகளைப் பற்றிய பேச்சு எமக்குப் புறத்தியார் விவகாரமன்று.

அண்மைக் காலத்தில் இரண்டு முறைப்பாடுகளை நாம் அடிக்கடி கேட்டுவருகின்றோம். தஞ்சக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் சொல்வது ஒன்று: விளக்கில்லாத துவிச்சக்கரவண்டியில் வந்தமைக்காகப் பொலிஸார் மறித்துத் தண்டப்பணம் அறவிட்டனர் என்பது. நீண்டகாலமாக இங்கு வாழ்ந்து குடும்பமும் காருமாக நிலைபெற்றுவிட்டவர்கள் சொல்வது மற்றையது: எதிரே வரும் புதிய கார்களின் வெள்ளொளி கண்ணைப் பறிக்கின்றது, இரவில் வாகனம் செலுத்தவே அச்சமாக இருக்கின்றது என்பது. இவை வெவ்வேறு மனிதரின் வெவ்வேறு துன்பங்களாகத் தோன்றுகின்றன. எமது கருத்தில் இவை ஒரே முறைப்பாட்டின் இரு பக்கங்கள். ஒளி இல்லாதவனைச் சட்டம் எளிதிற் பிடித்துவிடுகின்றது. ஒளி மிகுந்தவனை அதனாற் பிடிக்க முடிவதில்லை. இரண்டினதும் விலையைச் செலுத்துபவன் கவசமின்றி வீதியில் நிற்பவனே.

முதலில் விளக்கில்லாதவரின் கதையைப் பார்ப்போம். அது எமது சொந்தக் கதையுங்கூட. ஜேர்மனியில் மார்க் நாணயம் புழங்கிய காலத்தில், அகதி விடுதியிலிருந்து நாம் முதன்முதல் வாங்கியது பழைய பொருட்சந்தையிற் கிடைத்த ஒரு துவிச்சக்கரவண்டி. மணி இருந்தது, விளக்கு உடைந்திருந்தது. ஒரு குளிர்கால இரவில் மறித்த காவலர் டைனமோவைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டார். மொழி விளங்கவில்லை, தண்டச்சீட்டு விளங்கியது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் மின்கலமும் இல்லாதிருந்த தொண்ணூறுகளில், அதே டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட ஊரவர் நாம். இங்கே வீதியில் எரிய வேண்டிய விளக்கைத் திருத்த வேண்டுமென்று எமக்குத் தோன்றாமற் போனதை இன்று நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கின்றது.

அக்காலத்து ஜேர்மன் விதி கடுமையானது. பதினொரு கிலோவுக்கு மேற்படாத பந்தய வண்டிகள் நீங்கலாக, ஒவ்வொரு துவிச்சக்கரவண்டியிலும் 6 வோல்ற், 3 வாற் டைனமோ பொருத்தப்பட்டிருக்க வேண்டும். மின்கல விளக்கு நன்றாக எரிந்தாலும் அது சட்டத்துக்குப் போதாது. மழையில் சில்லின்மேல் வழுக்கி நின்றுபோகும் டைனமோவைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. நின்றுபோகாத மின்கல விளக்கை ஏற்க மறுத்தது. இந்த முரண்பாடு 2013ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. 2017இல் விதி மேலும் தளர்த்தப்பட்டு, கழற்றி எடுத்துச் செல்லும் விளக்குகளும் அனுமதிக்கப்பட்டன. இருள் கவியும்போதும் பார்வை மங்கும்போதும் அவை வண்டியிற் பொருத்தப்பட்டு எரிந்தாற் போதும். பகலில் கூடவே கொண்டுசெல்ல வேண்டியதில்லை.

ஆயினும் விளக்கின் மீது அனுமதிக் குறி இருக்க வேண்டும். நெளிகோடொன்றும், கே என்ற ஆங்கில எழுத்தும், அதனையடுத்து ஓர் இலக்கமும் பொறிக்கப்பட்டிருப்பதே அக்குறி. இணையவழியில் ஐந்து யூரோவுக்கு வரும் விளக்குகள் பலவற்றில் இது இருப்பதில்லை. முன்புறம் வெள்ளை விளக்கும் வெள்ளைத் தெறிப்பானும், பின்புறம் சிவப்பு விளக்கும் சிவப்புத் தெறிப்பானும், மிதிகளில் மஞ்சள் தெறிப்பான்களும், சில்லுகளில் தெறிப்பான்களோ வெள்ளைத் தெறிப்பு வளையமோ இருத்தல் வேண்டும். வண்டியின் விளக்கு விட்டுவிட்டு மின்னுவது ஜேர்மனியில் தடைசெய்யப்பட்டுள்ளது. பிரித்தானியாவில் 2005 முதல் அது அனுமதிக்கப்பட்டுள்ளது. நெதர்லாந்தில் விளக்கை மார்பிலும் முதுகிலும் அணிந்துகொள்ளலாம், ஆனால் அது மின்னக்கூடாது. பிரான்சில் ஊர்ப்புறத்துக்கு வெளியே இரவில் செல்லும் துவிச்சக்கரவண்டிக்காரர் 2008 முதல் ஒளிதெறிக்கும் மேலங்கி அணிய வேண்டும். சுவிற்சர்லாந்தில் மின்துவிச்சக்கரவண்டிகள் 2022 ஏப்ரல் 1 முதல் பகலிலும் விளக்கெரித்தே செல்ல வேண்டும். ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு உறவினரிடம் செல்லும் எம்மவர் இந்த வேறுபாடுகளை அறிந்திருத்தல் நன்று.

இத்தனை விதிகளும் எதற்காக என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. ஜேர்மன் சாரதிப் பயிற்சிப் பாடசாலைகளிற் கற்பிக்கப்படும் வாய்பாட்டின்படி, அந்த வேகத்தில் ஆபத்தைக் கண்டு காரை நிறுத்துவதற்கு 40 மீற்றர் தேவை. காரின் தாழ்ந்த ஒளியில், கறுப்பு மேற்சட்டை அணிந்த மனிதர் ஒருவர் சாரதியின் கண்ணுக்குத் தென்படுவது ஏறத்தாழ 25, 30 மீற்றரில்தான். சாரதி கண்ட கணத்திலேயே கால் வைத்தாலும் பிந்திவிட்டது என்பதே இதன் பொருள். ஒரு சிறு தெறிப்பான் அணிந்தவரோ நூறு மீற்றருக்கும் அப்பாலேயே தெரிகின்றார். நோர்வேயின் வடகோடியில், குளிர்காலத்தில் வாரக்கணக்காகச் சூரியன் எழாத ஊர்களில், மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலைசெய்த எம்மவருக்கு இது பழகிய பாடம். அங்கே மேலங்கியின் ஓரத்தில் நூலிற் தொங்கும் தெறிப்பானின்றிப் பிள்ளைகளை வெளியே அனுப்பமாட்டார்கள். நகரங்களில் வாழும் நாம் தெருவிளக்கை நம்பி அதனை மறந்துவிடுகின்றோம். தெருவிளக்கு வீதிக்கு வெளிச்சம் தருவது உண்மை. இரண்டு கம்பங்களுக்கிடையே உள்ள நிழலில் வரும் வண்டியை அது காட்டித்தராது.

தண்டப்பணத்தைவிடப் பாரதூரமான விடயம் ஒன்றுண்டு. விளக்கின்றிச் சென்றவர் விபத்தில் சிக்கினால், தவறு முழுவதும் கார்ச்சாரதியுடையதாகத் தோன்றினாலுங்கூட, இழப்பீட்டில் ஒரு பகுதி வெட்டப்படலாம். தன் பாதுகாப்பைத் தானே கவனியாதவர் இழப்பில் பங்கேற்க வேண்டும் என்பது ஜேர்மன் குடியியற் சட்டத்தின் கோட்பாடு. கால் முறிந்து மாதக்கணக்கில் வேலையிழந்திருக்கும் ஒருவருக்கு, விளக்கின் விலையைவிடப் பல நூறு மடங்கு இழப்பு அதனால் ஏற்படும்.

இங்கே தஞ்சம் கோருவோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. விளக்கின்மைக்காக அறவிடப்படும் 20 யூரோ ஒழுங்குமீறலுக்கான எச்சரிக்கைத் தண்டமேயன்றிக் குற்றவியல் தண்டனையன்று. 'வழக்குப் பழுதாகிவிடும்' என்ற அச்சத்தில் காவலரைக் கண்டதும் வண்டியைத் திருப்பி ஓடுவதையும், வேறு பெயர் சொல்வதையும் நாம் கேள்விப்படுகின்றோம். ஒரு சிறு ஒழுங்குமீறலைப் பெரிய சிக்கலாக்குவது அந்த ஓட்டமும் அந்தப் பொய்யுமே. நின்று, பெயரைச் சொல்லி, சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இனி மறுபக்கத்துக்கு வருவோம். எண்பதுகளில் பாரிசுக்கு வந்திறங்கியவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும்: பிரெஞ்சுக் கார்களின் முகப்பு விளக்குகள் அனைத்தும் மஞ்சளாக எரிந்தன. எதிரே வருபவரின் கண்கூச்சத்தைக் குறைப்பதற்காகவென்று முப்பதுகளின் பிற்பகுதியில் பிரான்ஸ் அந்த மஞ்சள் ஒளியைக் கட்டாயமாக்கியிருந்தது. ஐரோப்பியப் பொது விதிக்கு இணங்கி 1993இல் அக்கட்டாயம் நீங்கியது. கூச்சம் குறைந்தது மஞ்சள் நிறத்தாலா, அல்லது மஞ்சட் கண்ணாடி ஒளியின் ஒரு பங்கை விழுங்கிவிட்டதாலா என்று நிபுணர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். அந்த வாதம் எப்படியாயினும், எதிரே வருபவரின் கண்ணும் சட்டத்தின் பொறுப்பே என்று ஓர் அரசு அரை நூற்றாண்டுக்கும் மேலாக எண்ணியிருந்தது.

பின்னர் வந்த மாற்றங்கள் வேறு திசையிற் சென்றன. 1991இல் பெருவிலைக் கார்களிற் செனன் விளக்குகள் அறிமுகமாகின. 2007ஐ அடுத்து எல்.ஈ.டி. விளக்குகள் முகப்புக்கு வந்தன. இன்று புதிய கார்களில் அவையே வழமை. சாரதிக்கு இவை நல்ல விளக்குகள்தாம். பாதை தெளிவாகத் தெரிகின்றது, மின்சாரம் குறைவு, ஆயுள் நீண்டது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பழைய ஹலோஜன் விளக்கில் அகன்ற கண்ணாடி முழுவதும் பரவி வந்த ஒளி, இப்போது விரற்கடை அகலமுள்ள ஒரு சிறு பரப்பிலிருந்து, நீலஞ்சார்ந்த வெண்மையாகப் பாய்கின்றது. சிறிய பரப்பில் செறிந்த ஒளி கண்ணைக் கூடுதலாகக் குத்தும். அதனோடு விளக்கின் உயரமும் கூடிவிட்டது. ஐரோப்பாவில் விற்பனையாகும் புதிய கார்களில் ஏறத்தாழ அரைவாசி இன்று உயர்ந்த உடலமைப்பைக் கொண்ட வகையைச் சேர்ந்தவை. தாழ்ந்த ஒளி விளக்கு நிலத்திலிருந்து 50 சென்ரிமீற்றர் முதல் 120 சென்ரிமீற்றர் வரை எந்த உயரத்திலும் இருக்கலாம் என்று சர்வதேச விதி இடமளிக்கின்றது. துவிச்சக்கரவண்டியில் வரும் சிறுவனின் கண்ணும் தாழ்ந்த காரில் அமர்ந்திருக்கும் சாரதியின் கண்ணும் ஏறத்தாழ அந்த மேலெல்லையில்தான் இருக்கின்றன.

விதியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. 2,000 லூமனுக்கு மேற்பட்ட ஒளிமூலம் கொண்ட முகப்பு விளக்குகளுக்கு, காரின் சாய்வுக்கேற்பத் தாமாகவே ஒளியைத் தாழ்த்தும் பொறி கட்டாயமாக்கப்பட்டிருந்தது. செனன் விளக்குகள் அந்த எல்லையைத் தாண்டியதால் அப்பொறியுடன் வந்தன. எல்.ஈ.டி. விளக்குகளில் மலிவானவை எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு அமைக்கப்பட்டு, அப்பொறி இல்லாமலே சந்தைக்கு வந்துவிட்டன. எத்தனை லூமன் என்று எண்ணிய விதி, அந்த ஒளி எங்கே விழுகின்றது என்பதைச் சாரதியின் கவனத்துக்கு விட்டுவிட்டது.

ஒளி எங்கே விழுகின்றது என்பதே முழு விவகாரமும். தாழ்ந்த ஒளிக்குரிய பொதுவான சாய்வு நூற்றுக்கு ஒன்று. அதாவது பத்து மீற்றர் தூரத்தில் பத்துச் சென்ரிமீற்றர் இறக்கம். அறுபத்தைந்து சென்ரிமீற்றர் உயரத்திலுள்ள விளக்கின் ஒளியெல்லை, இந்தச் சாய்வில் 65 மீற்றருக்கு அப்பால் நிலத்தைத் தொடும். காரின் பின்புறம் பாரத்தால் சற்றே அமுங்கி, முன்புறம் அதே நூற்றுக்கு ஒன்று உயர்ந்தால், ஒளியெல்லை நிலத்தை எங்கும் தொடாது, கிடையாகவே செல்லும். எதிரே வரும் வாகனம் மேட்டில் ஏறிவருமாயின் அந்த ஒளி நேராகக் கண்ணில் விழும். சாரதி ஒரு விதியையும் மீறவில்லை. தூர ஒளியையும் போடவில்லை. எதிரே வருபவர் இரண்டு விநாடி பார்வையிழந்து 28 மீற்றர் கடந்துவிடுகின்றார். அந்த 28 மீற்றருக்குள் வீதியோரத்தில் விளக்கில்லாத வண்டி ஒன்று வந்தால் என்னாகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. இரண்டு முறைப்பாடுகளும் சந்திக்கும் இடம் அதுவே.

இதனை அரசுகள் மெதுவாகவே உணர்ந்துவருகின்றன. பிரித்தானியாவில், கண்ணைக் கூசவைக்கும் முகப்பு விளக்கு ஒரு காரணியாகப் பதிவான விபத்துக்கள் 2013 முதலான பத்தாண்டுகளில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 280 எனக் கணக்கிடப்பட்டது. சாரதிகளின் தொடர்ச்சியான முறைப்பாட்டின் பின்னர் 2024இல் அந்நாட்டு அரசு சுயாதீன ஆய்வொன்றைச் செய்விக்க இணங்கியது. இத்தனைக்கும் பிறருக்கு மிகையான கண்கூச்சம் ஏற்படும்படி விளக்கைப் பயன்படுத்தலாகாது என்ற விதி அங்கே 1989 முதல் ஏட்டில் இருக்கின்றது. ஜேர்மனியிலும் அவ்வாறே. உரிய நேரத்தில் ஒளியைத் தாழ்த்தாத கார்ச்சாரதிக்கும் தண்டம் 20 யூரோ. விளக்கற்ற துவிச்சக்கரவண்டிக்காரருக்கும் 20 யூரோ. ஏட்டில் இருவரும் சமம். ஆனால் விளக்கற்றவர் தெருக்கோடியில் நிற்கும் காவலரிடம் தாமாகவே வந்து சேர்கின்றார். கண்ணைப் பறித்த கார் இரண்டு விநாடியில் மறைந்துவிடுகின்றது. அதன் ஒளி எத்தனை சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தது என்று வீதியில் நின்று யார் அளப்பது? ஐந்நூறு யூரோவுக்கும் குறைந்த மாதாந்த உதவிப்பணத்தில் வாழும் அகதிக்கும், அறுபதினாயிரம் யூரோக் கார் வைத்திருப்பவருக்கும் அந்த 20 யூரோ ஒரே பாரமுமன்று.

இவ்விடத்தில் எம்மையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நாமனைவரும் விளக்கற்ற வண்டிப் பக்கத்தில் நின்றோம். இன்று எம்மிற் பலர் மற்றைய பக்கத்திற்கு மாறிவிட்டோம். ஜேர்மனியிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் பாரிஸ் லா சப்பலுக்குச் சென்று, அரிசி மூட்டையும் மரக்கறியும் திருமணப் புடவையுமாகப் பின்பெட்டியை நிரப்பி, ஐந்து பேர் அமர்ந்து இரவோடிரவாகத் திரும்புவது எம்மவர் வழக்கம். அந்தப் பாரத்தில் காரின் மூக்கு வானத்தைப் பார்க்கும். பெரும்பாலான பழைய கார்களில் விளக்குத் திருகிக்கு அருகே சுழியம் முதல் மூன்று வரை இலக்கமிட்ட ஒரு சிறு சில்லு இருக்கின்றது. பாரம் ஏறினால் அதனை உயர்ந்த இலக்கத்துக்குத் திருப்பி ஒளியைத் தாழ்த்த வேண்டும். பத்தாண்டு கார் செலுத்தியும் அது எதற்கென்று அறியாதவர்கள் எம்மிற் பலர். நாமும் அதனைக் கதகதப்புக்கான திருகி என்று சிலகாலம் எண்ணியிருந்தோம்.

லண்டன் கொண்டாட்டங்களுக்குக் காரிற் செல்வோர் இன்னொன்றையும் மறந்துவிடுகின்றனர். ஐரோப்பியப் பெருநிலத்துக் கார்களின் தாழ்ந்த ஒளி, வலப்பக்க ஓரத்தை நோக்கிச் சற்று மேலெழும்புமாறு அமைக்கப்பட்டது. வீதியோரத்துப் பாதசாரியையும் அறிவிப்புப் பலகையையும் காட்டுவதற்காக. வாகனங்கள் இடப்புறமாகச் செல்லும் பிரித்தானியாவில் அந்த வலப்பக்கத்திலிருந்துதான் எதிர்வாகனம் வருகின்றது. கலே துறைமுகத்தில் விற்கும் ஒட்டுத்தாளை விளக்கில் ஒட்டுவதோ, புதிய காராயின் அதன் அமைப்புப் பட்டியலில் மாற்றிவிடுவதோ வேண்டும். லண்டனிலிருந்து இக்கரைக்கு வருவோருக்கும் இதுவே.

எம் இளைஞர் சிலர் இணையத்தில் வாங்கிய எல்.ஈ.டி. குமிழைப் பழைய ஹலோஜன் விளக்குக் கூட்டுக்குள் தாமே செருகிக்கொள்வதையும் சொல்லாமல் விடமுடியாது. அந்தக் கூட்டின் வளைவு ஹலோஜன் இழைக்கென்று கணக்கிடப்பட்டது. வேறு குமிழில் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். ஜேர்மனியில் 2020இலிருந்து சில குறிப்பிட்ட குமிழ்கள், குறிப்பிட்ட கார் வகைகளுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டுள்ளன. ஏனையவற்றோடு பிடிபட்டால் வாகனத்தின் வீதி அனுமதியே கேள்விக்குள்ளாகும். துவிச்சக்கரவண்டியிலும் இந்த மோகம் தொற்றியிருக்கின்றது. உணவு விநியோகம் செய்யும் இளைஞர்கள் கையடக்க மின்சூள் போன்ற ஆயிரம் லூமன் விளக்கைக் கைபிடியில் நேராகக் கட்டிச் செல்கின்றனர். நெற்றியில் அணிந்து செல்பவர், தாம் பார்க்கும் ஒவ்வொருவரின் கண்ணையும் குருடாக்குகின்றார். ஜேர்மனியின் பழைய விதியில் நல்லதோர் அளவுகோல் இருந்தது: ஐந்து மீற்றர் முன்னால், ஒளிவட்டத்தின் நடு, விளக்கின் உயரத்தில் பாதிக்கு இறங்கியிருக்க வேண்டும். இன்றைய விதி 'பிறர் கண்ணைக் கூசவைக்கலாகாது' என்று மட்டுமே சொல்கின்றது. பழையதே எமக்கு எளிதில் விளங்கியது.

கண்ணைப் பற்றியும் ஒன்று. எண்பதுகளில் இளைஞராக வந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். வயது ஏற ஏறக் கண்வில்லை மங்குகின்றது. ஒளி உள்ளே சிதறுகின்றது. கூச்சத்திலிருந்து பார்வை மீளும் நேரம் நீள்கின்றது. நீரிழிவு எம்மவரிடையே மிகுதி; அது விழித்திரையைப் பாதிப்பதும் தெரிந்ததே. 'இந்தக் காலத்து விளக்குகள் எல்லாம் மோசம்' என்று முறையிடுவோரில் ஒரு பகுதியினர் முதலிற் செல்ல வேண்டியது கண் மருத்துவரிடம். முறைப்பாடு பொய்யென்று நாம் சொல்லவில்லை. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

தாமாக ஒளி தாழ்த்தும் பொறியை எல்லா முகப்பு விளக்குகளுக்கும் கட்டாயமாக்குவதற்கு ஐ.நா. பொருளாதார ஆணைக்குழுவின் வாகன விதிகளுக்கான ஜெனிவா மன்றத்தில் 2023இல் இணக்கம் காணப்பட்டது. 2027 முதற்கொண்டு அது நடைமுறைக்கு வருவதாக ஏற்பாடு. ஆனால் அது புதிய வகைக் கார்களுக்கே பொருந்தும். இப்போது வீதியிலுள்ள கார்கள் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஓடும். அரசுகள் செய்யக்கூடிய உடனடி வேலை வேறு: துவிச்சக்கரவண்டிகளை மறிக்கும் அதே இரவுகளில், அதே தெருக்கோடியில், கார்களின் விளக்குச் சாய்வையும் அளப்பது. விளக்கில்லாத அகதிக்குச் சீட்டுக் கொடுப்பதற்குப் பதிலாக, ஒரு வார அவகாசத்துள் விளக்குப் பூட்டிக் காட்டினாற் தண்டமில்லை என்று விடுவது. இருபது, முப்பது யூரோவுக்கு அனுமதிக் குறியுள்ள நல்ல விளக்குச் சோடி கிடைக்கின்றது. அந்தப் பணம் தண்டமாகப் போவதைவிட விளக்காக எரிவது எல்லோருக்கும் நன்மை.

ஜேர்மனியில் 1956 முதல் ஒவ்வோர் ஒக்ரோபரிலும் வாகனத் திருத்தகங்கள் கார் விளக்குகளை இலவசமாகச் சோதித்து, முன்கண்ணாடியில் ஒட்டுவதற்கு ஒரு சிட்டையும் தருகின்றன. அண்மைய ஆண்டுகளிற் சோதிக்கப்பட்டவற்றில் ஏறத்தாழ நான்கிலொரு கார் ஏதேனும் குறையோடு காணப்பட்டது. இலவசம் என்ற சொல்லுக்கு எம்மவர் விரைந்து செவிசாய்ப்பர். இதற்கு ஏனோ செல்வதில்லை. ஜேர்மன் பாடசாலைகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துவிச்சக்கரவண்டிப் பரீட்சை நடைபெறுகின்றது. விளக்கு, தெறிப்பான், தடுப்பு அனைத்தையும் அவர்கள் மனப்பாடமாக அறிவர். தகப்பன்மாருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் இல்லை.

தமிழாலயங்களில் வகுப்பு முடியும்வரை பெற்றோர் வாசலிற் காத்திருப்பது வழக்கம். குளிர்காலத்துச் சனிக்கிழமை மாலைகளில் அந்நேரம் இருட்டியும் விடுகின்றது. வாகனத் தரிப்பிடச் சுவரொன்றும், ஐந்து மீற்றர் அளவுநாடாவும், ஒரு சோக்குத் துண்டும் போதும். விளக்கின் உயரத்தைச் சுவரிற் குறித்து, ஐந்து மீற்றர் தள்ளிக் காரை நிறுத்தினால், ஒளியின் மேலெல்லை அந்தக் குறிக்கு ஐந்து சென்ரிமீற்றர் கீழே நிற்க வேண்டும். மேலே நிற்கும் காரைச் சிறு சில்லைத் திருப்பித் தாழ்த்திப் பார்க்கலாம். அதற்கும் இணங்காததைத் திருத்தகத்துக்கு அனுப்பலாம். பக்கத்து அகதி விடுதியிலிருந்து வரும் துவிச்சக்கரவண்டிகளையும் அதே சுவருக்கு முன்னால் நிறுத்தலாம்.